கட்டிலடித் தண்ணீர்

அரியலூர் ஆபீஸில் குடிக்கும் அளவைக் கணக்கெடுக்கும் சென்சார் வைத்த தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுத்தார்கள். "நாம எவ்ளோ குடிக்கிறோம்னு மேனேஜர் போனுக்கே போயிடுமாம்க்கா. எல்லாம் நம்ம உடம்புக்குத்தான்" என்றாள் பக்கத்து சீட்டு செல்வி.

என் தாகத்தில் மேனேஜருக்கு என்ன வேலை?

அம்மா பஞ்செடுக்கப் போன பெரம்பலூர் பருத்திக்காடு ஞாபகம் வந்தது. பஞ்சை எடை போட்டுத்தான் கூலி. கூலியாட்கள் பஞ்சில் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டிவிடுவார்கள் என்று காட்டுக்காரர் மண்குடத்தைத் தன் கட்டிலடியிலேயே வைத்திருப்பார். மடி நிறையப் பஞ்சோடு வந்து அம்மா செம்பைத் தூக்கியபோது ஒருநாள், "குடிக்கிறியா, மடியில ஊத்துறியா?" என்றார். அன்றிலிருந்து அம்மா அந்தக் குடத்தைத் தொடவில்லை. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்துதான் செம்பு செம்பாகக் குடிப்பாள்.

மேஜையில் பாட்டில், குடிக்கச் சொல்லி நீல விளக்கை மின்ன விட்டது. எனக்குத் தொண்டை வறண்டுதான் இருந்தது.

"குடிங்கக்கா, கூப்புடுதுல்ல" என்றாள் செல்வி.

"வூட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன்" என்றேன்.