அளவைத் திருப்பிச் சொல்ல ஒருவர்

பிம்ப்ரியில் ஒரு மருந்து ஆலையின் பரிசோதனைக்கூடத்தில்தான் எனக்கு முதல் வேலை. அங்கே ஜன்னலைத் திறக்கக் கூடாது. தூசி வந்தால் மருந்து கெட்டுவிடுமாம். வெளியே மழை பெய்ததா இல்லையா என்பதே, மாலையில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் தெரியும். அப்படி ஒரு மழைக்காலம் முழுவதையும் கோட்டை விட்டேன். அடுத்த மழைக்குள் ராஜினாமா செய்துவிட்டு, நிலத்தடி நீரை அளக்கும் அரசுத் துறையில் சேர்ந்தேன். கோடையில் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் ஒரு முறை, ஊர் ஊராகப் போய்க் கிணறுகளில் நீர்மட்டம் பார்க்க வேண்டும். நாள் முழுக்க வெட்டவெளி. சம்பளம் குறைவு, போகட்டும் என்றிருந்தேன்.

அம்மா பொருமினாள். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். அப்பாவுக்கு கேம்ப் என்கிற ராணுவப் பகுதியில் கணக்கு வேலை என்பதால் இந்த மராத்தி ஊரில், விஷ்ராந்த்வாடியில் வீடு. "பங்காவுக்குக் கீழ உக்காந்து சம்பாதிக்கிறத விட்டுட்டு வெயில்ல கெடந்து காயுதேங்கியே, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஏற்கெனவே கலர் மட்டு. இன்னும் கறுத்தா எவன்ட்டி ஒன்னய கட்டுவான்?" அப்பா பேப்பரை மடக்கிக்கொண்டு, "கேம்ப்ல ஒங்க டிபார்ட்மெண்டுக்கு ஆபீஸ் இருக்குல்லா, அங்க டேபிள் வேல கேட்டு வாங்கிக்கோ" என்பார். நான் கேட்கவில்லை. கல்யாணம் வேண்டாமென்றும் சொல்லவில்லை. வேண்டும்தான். இந்த வேலையோடு சேர்த்து என்னை ஏற்றுக்கொள்கிறவர் வேண்டும், அவ்வளவே.

வேலையில் ஒரு நடைமுறை உண்டு. சாக்பீஸ் தேய்த்த இரும்பு டேப்பைக் கிணற்றுக்குள் விடுவோம். நனைந்த தடத்தை வைத்துத் தண்ணீர் எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுதலாம். தப்பு வராமலிருக்க அந்த ஏற்பாடு. என் உதவியாளர் மராத்திக்காரர். அவர் ஓய்வுபெற்றபின் அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. அப்புறம் நானே சொல்லி, நானே திருப்பிச் சொல்லி, நானே எழுதினேன். ஆடு மேய்ப்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் பகல் முழுக்க என் குரல் ஒன்றுதான் என் காதில் விழுந்தது. கேட்டு வாங்கிய வேலை. தனியாக இருக்கிறது என்று யாரிடம் போய் முறையிடுவது?

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்திருந்த ஒருவர் பெண் பார்க்க வந்தார். மலை ஏறப் பிடிக்குமாம், சுற்றுவட்டாரத்துக் கோட்டைகளையெல்லாம் பார்த்துவிட்டாராம். "உங்க வேலைய ஒரு நாள் கூட வந்து பார்க்கலாங்களா?" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே மாதம், சாஸ்வட் பக்கம். என் ஸ்கூட்டர் முன்னால், அவர் பைக் பின்னால். ஒரே வண்டியில் போகாதது அம்மாவுக்காக. அந்த ஊர்களில் கிணற்றுக் கட்டின்மேல் செருப்போடு ஏற மாட்டார்கள். நான் கழற்றியதைப் பார்த்து அவரும் ஷூவைக் கழற்றிவிட்டு, சுட்ட கல்லில் கால் மாற்றிக் கால் குதித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். டேப்பை இழுத்துப் பார்த்து, "ஒம்பது நாப்பது" என்றேன்.

"ஒம்பது நாப்பதுங்க" என்றார்.

அந்த வேலையில் எனக்குத் தமிழில் வந்த முதல் பதில் அது. அடுத்த கிணற்றிலும் அப்படியே சொன்னார். அதற்கடுத்ததில் டேப் காய்ந்தே மேலே வந்தது. அவர் வேலமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தார். சுற்றிலும் கருகிய புல்லும் கல்லும்தான்.

"வருஷம் பூரா இப்படித்தானுங்களா?"

மழைக்குப் பிறகு வந்தால் இதே இடம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். "மே மாசம் இப்படித்தான் இருக்கும்" என்றேன். மே மாதத்தையும் சேர்த்துத்தானே என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

அடுத்த வாரம் அவருடைய அம்மா ஃபோன் செய்தார். "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. பையனுக்குத்தான் வெயில் ஒத்துக்கலைங்க." ரிசீவரை வைத்துவிட்டு அம்மா, "அவனயா தெனம் வெயிலுக்குப் போவச் சொன்னோம்?" என்றாள். அப்பா மறுபடி கேம்ப் ஆபீஸ் பேச்சை எடுத்தார். நான் தட்டோடு எழுந்து போய்விட்டேன்.

அக்டோபரில் அந்த முதல் கிணற்றுக்கே போனேன். வெறுங்காலோடு கட்டின்மேல் ஏறினால் கல் ஜில்லென்றிருந்தது. சுற்றிலும் முழங்காலளவு மஞ்சள் பூக்கள். தண்ணீர் எங்கோ மேலே வந்து வெயிலில் மின்னியது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். டேப்பை இழுத்து, "ரெண்டு பத்து" என்று உரக்கச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்தேன். பிறகு நானே, "ரெண்டு பத்துங்க" என்று சொல்லிவிட்டு எழுதினேன்.