தொலையாத ஆடுகள்

எனக்குக் கோபம் வர நேரம் காலம் எல்லாம் வேண்டாம். இரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் கேட்கவே வேண்டாம். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் ரோட்டோரம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் டீச்சர். அந்த வருஷம் என் உயிரை வாங்கியது ஒரு பெண் குழந்தை.

வெறும் எண்ணாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் அவளைப் போல் கழிக்க ஆள் கிடையாது. ஒன்பதில் நான்கு போனால் என்று நான் கேட்டு வாய் மூடுவதற்குள் ஐந்து என்பாள். அதையே கதையாகச் சொன்னால் போச்சு.

"உங்கிட்ட எட்டு ஆடு இருந்துச்சு. மூணு காணாமப் போயிடுச்சு. மீதி எத்தினி?"

"எட்டு டீச்சர்."

"மூணு காணோம்னு சொல்றேன், எப்பிடிடீ எட்டு?"

"தேடிப் புட்சிக்கினு வந்துடுவேன் டீச்சர்."

காலையில் வீட்டு ஆடுகளை மேய்த்துக் கட்டிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. சரி, ஆட்டு சகவாசமே வேண்டாம் என்று முட்டைக்குத் தாவினேன். பத்து முட்டையில் இரண்டு உடைந்துவிட்டது என்றேன். "நான் பத்திரமா எடுத்தாருவேன் டீச்சர், ஒடையாது" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். "கணக்குல ஒடஞ்சிடுச்சுடீ! உன்னை யாரு எடுத்தாரச் சொன்னது?" வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், பாவி. பதிலை மட்டும் மாற்றவில்லை.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை ஃபெயிலாகி அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் அவள். ஒருநாள் அவளுடைய அப்பா வந்து வாசலிலேயே நின்றார். "டீச்சரம்மா, இந்த வாட்டியும் பாஸாவலன்னா பள்ளிக்கூடம் போதுங்க. ஆட்டப் பாத்துக்கினு ஊட்ல கெடக்கட்டும்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் சொன்னதைச் செய்கிற ஆள். வருஷக் கடைசியில் ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வந்து மனக்கணக்குக் கேட்பார், அதை வைத்துத்தான் பாஸ். அவர் கேட்பதெல்லாம் கதைக்கணக்கு.

ஒருநாள் காலை பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனேன். கூட்டேரிப்பட்டு வந்ததும் கண்டக்டர் "எறங்கு, எறங்கு, ஜல்தி!" என்று கத்த, பாதி பஸ் காலியாகிவிட்டது. இறங்கிப் போகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர்கள் யாரும் தொலையவில்லையே, வீட்டுக்குத்தானே போகிறார்கள்! உட்கார இடம் கிடைத்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

அன்றைக்கு வகுப்பு பஸ்ஸாகிவிட்டது. பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிற்க வைத்து, என் ஜோல்னாப் பையை அவள் தோளில் மாட்டி, கண்டக்டர் ஆக்கினேன். பையன் ஒருவன் டிரைவர். மற்றவர்களை எண்ணி, "பதினாலு பேரு டீச்சர்" என்றாள். பிறகு கண்டக்டரேதான், என்ன அதட்டல்! "விக்கிரவாண்டியெல்லாம் எறங்கு!" ஐந்து பேர் குதித்தார்கள்.

"உள்ள எத்தினி பேரு?" என்றேன்.

"ஒம்போது டீச்சர்."

"அந்த அஞ்சு பேரு?"

"அவங்க ஊட்டுக்குப் பூட்டாங்க டீச்சர்."

ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! அவளை அப்படியே தூக்கிச் சுற்றினேன். டிரைவர் மட்டும் பஸ்ஸை நிறுத்தாமல் உறுமிக்கொண்டே இருந்தான். அதற்கப்புறம் தினமும் பஸ்தான். தமிழ்ப் பாடத்துக்கும் பஸ் விடச்சொல்லி நச்சரித்தார்கள்.

பரீட்சை நாளும் வந்தது. ஹெட்மாஸ்டர் ஒருத்தியிடம் மாம்பழம் கேட்டார், இன்னொருவனிடம் பலூன் கேட்டார். இவளிடம் பஸ் கணக்குக் கேட்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஒரு ஆள்கிட்ட பத்து ஆடு இருந்துச்சு. நாலு காணாமப் போயிடுச்சு. மீதி எத்தனைம்மா?" என்றார்.

இந்த மனுஷனுக்கு உலகத்தில் வேறு பிராணியே கிடைக்கவில்லையா! அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆறு சார்."

"சரி. பாஸ்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மட்டும் உட்காரவில்லை.

"சார், அந்த ஆளு தேடிப் பாத்தாரா சார்?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரித்து நான் பார்த்ததேயில்லை, அன்று சிரித்தார்.

"தேடிக்கினுதாம்மா இருக்காரு. நீ உக்காரு."

அவள் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாக, "கெடச்சிடும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.