எதிரணிக் கேப்டனுக்காக ஆடிய ஆட்டம்

இப்போதும் எந்தப் படிவத்திலாவது ‘நோக்கம்’ என்ற கட்டத்தைப் பார்த்தால் என் பேனா நின்றுவிடுகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் ஈப்போ நகரில், எங்கள் கல்லூரி ஹாக்கி மன்றத்தின் அறையில் ஒரு பழைய தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து அந்தக் கட்டத்தில் இரண்டு மலாய்ச் சொற்களை அடித்தேன். ‘புற்றுநோய் ஆராய்ச்சி’ என்று அதற்குப் பொருள். பொதுமக்களிடம் பணம் திரட்டுவதற்குப் போலீஸ் பெர்மிட் கேட்கும் மனு அது. மன்றச் செயலாளர் நான். அடித்து முடித்ததும் படித்துப் பார்த்து, நம் மூளையே மூளை என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

எங்கள் கல்லூரி டவுன் நடுவே இருந்தது. எங்களுக்குப் பரம எதிரியான கல்லூரி கோப்பெங் போகும் சாலையில், சுண்ணாம்பு மலையடியில் இருந்தது. ஹாக்கி என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் ஆகவே ஆகாது. தோற்ற கல்லூரிக்காரர்கள், வென்றவர்களின் பஸ் கிளம்பும்வரை மைதானத்திலேயே நின்று கேலியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அவர்களில் பாதிப்பேர் ரப்பர் பால் சுமக்கும் தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதால் நாங்கள் ‘பால் வாளி’ என்று கத்துவோம். இத்தனைக்கும் ஈப்போவின் சிலிபின் பகுதிக்குக் குடிவரும்வரை என் அப்பாவும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்தான். அதை நான் கல்லூரியில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அவர்களுடைய கேப்டன் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ஒல்லியான ஆள். பந்து அவர் மட்டைக்குப் போய்விட்டால் பிடுங்குவது பெரும்பாடு. என்னைவிட ஒரு வயது மூத்தவர் என்பதால், எதிரணியானாலும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைச் ‘செக்ரட்டரி’ என்பார், பெயர் சொன்னதே இல்லை. ஓர் ஆட்டத்தில் எங்கள் ஆட்டக்காரன் ஒருவனின் மட்டை அவருடைய இடது முழங்காலில் பட்டது. அதிலிருந்து லேசாக நொண்ட ஆரம்பித்தார். வெறும் அடிதான் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். எங்கள் பக்கத்தில் அது ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எங்கள் கூட்டம் ‘ஒத்தக்காலு, ஒத்தக்காலு’ என்று கத்தும். அந்தக் கோஷத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

வீக்கம் மாதக்கணக்கில் வடியவில்லை. எலும்பில் புற்று என்று மருத்துவமனையில் சொன்னார்கள். உயிர் பிழைக்க வேண்டுமென்று முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.  

செய்தி வந்து இரண்டு நாள் கழித்து அவர்களுடைய மன்றச் செயலாளரான சீன நண்பன் எங்கள் மன்ற அறைக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் அடிக்கவில்லை. கோலாலம்பூருக்குப் போய்த் தொடர்ந்து ஊசி போட வேண்டும், அந்த மருந்தை வெளியே விலைக்கு வாங்க வேண்டும், இரண்டு கல்லூரியும் சேர்ந்து ஓர் ஆட்டம் வைத்தால் என்ன என்று கேட்டான். அவன் முடிப்பதற்குள் நான் சரி என்றேன்.

பிறகுதான் எங்கள் மூளை வேலை செய்யத் தொடங்கியது. தோட்டத்துக் கோயிலில் மகனுக்காகத் திரட்டிய பணத்தைக் கேப்டனின் அப்பா அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தோம். மானஸ்தர், யாரிடமும் கை நீட்டமாட்டார் என்று முடிவுகட்டினோம். நேரில் போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றால், கேட்பதே மரியாதைக்குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். போஸ்டர், டிக்கெட், பெர்மிட் எல்லாவற்றிலும் புற்றுநோய் ஆராய்ச்சி நிதி என்று போடுவது. பணம் சேர்ந்ததும் ஆராய்ச்சிக்காரர்கள் உதவி அனுப்பியதாகச் சொல்லி அந்தக் குடும்பத்திடம் கொடுத்துவிடுவது. யாருக்கும் தலைகுனிவு இல்லை. யோசனை என்னுடையது.

அப்புறம் நடந்ததை இன்று சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் ஆள் ஒருவன், அவர்கள் ஆள் ஒருவன் என்று ஜோடி ஜோடியாகக் கிளம்பி டிக்கெட் விற்றோம். தூரத்து ஊரான தெலுக் இந்தான் மார்க்கெட் மீன்கடை வரைக்கும் போனோம். ஆட்டத்தன்று இரண்டு கல்லூரி ஆட்களையும் கலந்து இரண்டு அணி பிரித்தோம். கேப்டன் மைதான ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஊன்றுகட்டைகள் இரண்டும் மடியில். அவரை அடித்த எங்கள் ஆட்டக்காரன் தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டிப் போகப் பார்த்தான்.

“டேய் மச்சான், உன் அடியால வந்தது இல்லடா. டாக்டரே சொல்லிட்டாரு. போ, போயி ஒழுங்கா வெளையாடு” என்றார் கேப்டன். அவன் திரும்பி நின்று ஓவென்று அழுதான்.

ஆட்டம் முடிந்ததும் தலைமை விருந்தினர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நல்ல மனிதர். இரண்டு எதிரிக் கல்லூரிகள் கைகோத்ததைப் பார்த்து உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். சேர்ந்த பணம் முழுவதையும் தலைநகரில் இருக்கும் ஆராய்ச்சி நிதிக்குத் தாமே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும், தம் பங்குக்கும் சேர்ப்பதாகவும் அறிவித்தார். மைதானமே கை தட்டியது. சீன நண்பன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் எல்லோரையும்போலக் கை தட்டினோம். கேப்டனும் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெர்மிட் கொடுத்த அதிகாரியிடம் ஓடினோம். அவரும் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, என் மனுவை எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்து, நான் அடித்திருந்த அந்த இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்தார். இதற்கென்று ஊரிடம் வாங்கியதை வேறு யாருக்குக் கொடுத்தாலும் மோசடிதான் என்றார். கேப்டன் பேரைச் சொல்லியே புதிதாக மனு போடுங்கள் என்றார். மரியாதைக்குறைவானால் ஆகட்டும் என்று அன்றே போட்டோம்.

அது அசைவதற்குள் நான் தோட்டத்துக்குப் போய், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் கேப்டனைப் பார்த்தேன். வீட்டு மாட்டை விற்று இரண்டு ஊசி போட்டாகிவிட்டது, மூன்றாவதுக்கு வழியில்லை என்று தெரிந்தது. எங்கள் திட்டம், என் புத்திசாலித்தனம் எல்லாவற்றையும் சொன்னேன். 

“விடு செக்ரட்டரி. நல்லதுக்குத்தானே போவுது. எவனாச்சும் பொழைச்சிக்குவான்லா.”

“அண்ணே, அது உங்களுக்குன்னு...”

“தெரியுது. என்னா பண்றது இப்ப? டீ குடிச்சிட்டுப் போ.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாவது பெர்மிட் எங்கள் கைக்கு வந்தபோது நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று பின்னாளில் பல டாக்டர்களிடம் கேட்டுப் பார்த்தேன். சொல்ல முடியாது என்கிறார்கள். இன்று இந்த நோய்க்கு எவ்வளவோ மருந்து வந்துவிட்டது, எத்தனையோ பேர் காலோடு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அதில் எங்கள் பணமும் ஒரு துளி இருக்கலாம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். என்னால் முடியவில்லை.

கருமாதிக்கு இரண்டு கல்லூரியும் திரண்டு போனோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் பஸ் ஏறும்போது கேப்டனின் அப்பா என்னை மட்டும் ஒதுக்குப்புறமாக அழைத்தார். நான் அவரோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

“கடைசியில எல்லாத்தையும் சொல்லிட்டான் தம்பி” என்றார். “கோயில் வசூல நான் வேணாம்னு சொன்னேன், நெசந்தான். ஆனா ஏன்னு யாராச்சும் கேட்டீங்களா? லயத்து சனங்க அதுங்க பிள்ளைங்க வயித்தக் கட்டிக் குடுத்த காசு அது. எப்படி வாங்குறது? நீங்க குடுத்திருந்தா வாங்கியிருப்பேன். ரெண்டு கையையும் நீட்டி வாங்கியிருப்பேன்.”

சொன்னதோடு நிற்காமல் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டியும் காட்டினார். நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.