இரண்டு கிலோ உடம்பு என்ன விலை

நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அதுதான் கௌரவம்: உடம்பைக் கடையில் வாங்கலாம் என்று நம்பிய முட்டாள் நான். துணி மீட்டர் இவ்வளவு, வெல்லம் கிலோ இவ்வளவு என்பதுபோல என் உடம்பில் குறைந்த இரண்டு கிலோவுக்கும் எங்காவது ஒரு விலை இருக்கும், மலிவான கடையைக் கண்டுபிடித்தால் போதும் என்று நெய்வேலி முழுக்க அலைந்தேன். பி.எஸ்சி. கணிதம் வேறு படித்திருந்தேன். படிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு துல்லியமாக முட்டாளாகியிருக்க முடியாது.

எழுபதுகளின் கடைசி. தாராபுரத்துப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்திருந்தேன். பரீட்சை எழுதியாகிவிட்டது, நேர்முகத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாகிவிட்டது, பாக்கி மருத்துவப் பரிசோதனை மட்டும். கண் பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், முதுகைத் தட்டினார்கள். எல்லாம் சரி. எடை மேடையில் ஏறினதும் முள் பாதி வழியில் படுத்துக்கொண்டது. எடை பார்த்த ஊழியர் என்னை இறக்கிவிட்டு, மேடையைக் காலால் தட்டிப் பார்த்து, மறுபடி ஏறச் சொன்னார். தப்பு மேடையில் இல்லை.

"ரெண்டு கிலோ கொறையுது சார்."

டாக்டர் நிமிர்ந்து என் விலா எலும்புகளை ஒரு பார்வை பார்த்தார். "திங்கக்கிழமை காலையில வா. அன்னைக்கும் இப்படியே இருந்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. போய் நல்லா சாப்பிடு."

நல்லா சாப்பிடு. சொல்வதற்கு அவருக்குக் காலணா செலவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஊருக்குப் போனால் திரும்பி வரக் காசு இல்லை. போவதற்கு மட்டும் சட்டையின் உள்பையில், மடித்து, ஊக்குக் குத்தி இருந்தது. அம்மா குத்தியது. "இதைத் தொட்டீன்னா ஊட்டுப் படி ஏறாத" என்று சொல்லித்தான் குத்தினாள். அது போக, சாப்பாட்டுக்கு என்று கையில் எட்டு ரூபாய். இரண்டு வருஷமாக வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்றவன் நான். அப்பா அதை ஒவ்வொரு வேளையும் தட்டு வைக்கும்போதே நினைவுபடுத்துவார். அப்படித் தின்றும் இந்த உடம்பு. இதற்கும் தோற்றுப் போய் "எடை பத்தவில்லை" என்று அவர் முன்னால் போய் நின்றால், தின்ற சோறெல்லாம் எங்கே போயிற்று என்று கணக்குக் கேட்பார்.

படுக்க இடம் இருந்தது, அதுவும் பாதி. எங்கள் ஊர்க்கார அண்ணன் ஒருவர் சுரங்கத்தில் ஃபிட்டர். ஒரு குவார்ட்டர்ஸில் பிரம்மச்சாரிகள் நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். ராத்திரி அவர் கட்டில் காலி.

"தம்பி, ராத்திரி நீ படுத்துக்க. வெடியால நான் வந்தர்றேன். அப்ப கட்டல்ல ஒருத்தரும் இருக்கக் கூடாது. பகல்ல இந்தப் பக்கமே வராத, மத்த பயலுகளும் தூங்கோணும்."

அதாவது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நான் வெளியே. வைகாசி வெயில். உட்கார இடம் தேடி நடக்க வேண்டியது. நடந்தால் எடை குறையும். எடைக்காகச் சாப்பிட வேண்டியது. சாப்பிடக் கடை தேடி நடக்க வேண்டியது. இந்தச் சமன்பாட்டை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாப் பிளாக்கும் ஒரே அச்சு, எல்லாத் தெருவும் ஒரே நேர்கோடு. மரத்தடியில் உட்காருவேன், ஐந்து நிமிஷத்தில் கால் தானாக எழுந்துவிடும். இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு கிராம். சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்தால் ஆள் தெரியாது, தொந்திதான் தெரியும். எத்தனை தொந்தி! அதில் ஒரு ஓரத்தைக் கடன் கொடுத்தால் திங்கட்கிழமை மத்தியானம் திருப்பித் தந்துவிடமாட்டேனா?

கடைகளுக்கு வருகிறேன். பஜாரில் இருந்த ஓட்டலில் முழுச் சாப்பாடு இரண்டு ரூபாய். முழு என்றால் இலை போட்டு, எத்தனை தடவை கேட்டாலும் சோறு. என் கணக்குப்படி இதுதான் லாபம்: விலை ஒன்று, சோற்றுக்கு எல்லை இல்லை. சனிக்கிழமை மத்தியானம் இலைமுன் உட்கார்ந்தேன். சாம்பாருக்கு இரண்டு முறை, வற்றல் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு இரண்டு முறை. மோருக்குக் கேட்டபோது பரிமாறுகிறவர் வாளியோடு நின்றுவிட்டார்.

"ஊருக்கு எடுத்துகினு போறதுக்கா தம்பி?"

"இல்லீங்ணா, இங்கயே சாப்படறதுக்குதானுங்க."

"அப்ப வேட்டிய கொஞ்சம் தளத்திக்க. கிழிஞ்சா முதலாளி என்னத்தான் கேப்பாரு."

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மோரும் வாங்கிக்கொண்டேன். வெட்கம் எடையில் சேராது.

மசால் தோசை எழுபது பைசா. கையில் பிடித்தால் பறக்கும். காற்றுக்கு யார் காசு கொடுப்பது? பரோட்டா முப்பது பைசா, கனமானதுதான், ஆனால் அதைத் தொட்டுக்கொள்ளும் சால்னாவுக்காக இன்னொரு பரோட்டா, அந்தப் பரோட்டாவுக்காக இன்னொரு சால்னா என்று இழுத்துவிடும். டீ கால் ரூபாய், குடித்த அரை மணியில் வெளியே போய்விடும் முதலீடு. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு கடைக்குக் கடை எட்டிப் பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் போண்டாவைப் பார்வையாலேயே எடைபோட்டு, வாங்காமல் நகர்ந்துகொண்டிருந்தேன்.

இதையெல்லாம்விட மலிவான இடம் ஒன்று அந்த ஊரில் இருந்தது: வேலை செய்கிறவர்களுக்கான கேண்டீன். அண்ணன் சொல்லித்தான் தெரியும். வெளியே டீ குடிக்கிற காசுக்கு உள்ளே டிபனே முடிந்துவிடுமாம், சாப்பாடும் சில்லறைக் காசுதானாம். டோக்கன் வேண்டும், டோக்கனுக்கு வேலை வேண்டும், வேலைக்கு இரண்டு கிலோ வேண்டும். "எனக்கு ஒரு சாப்பாடு வாங்கியாங்கண்ணா" என்றேன். "அதெல்லாம் கேட்டத் தாண்டி வெளிய வராது தம்பி, வவுத்துக்குள்ள வெச்சுத்தான் கொண்டு வரோணும்" என்றார்.

அதனால் காலையும் மாலையும் எனக்கு இட்லி அக்காதான். பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து அலுமினியக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் வேப்பமரத்தடியில் இறக்குவார். முப்பத்தைந்து வயது இருக்கும். இட்லி பதினைந்து பைசா. அவரிடம் சாப்பிட ஒரு முறை உண்டு, அதை முதல் நாளே மீறினேன்: பஸ் வருவதற்கு முன்னால், கேண்டீன் டோக்கன் இல்லாத ஒப்பந்த ஷிப்ட் ஆட்களுக்குத்தான் இலை. நம்மைப் போல வேலை இல்லாதவர்கள் பஸ் போன பிறகு.

"ஏனுங்க்கா, நாலு இட்லி குடுங்க."

"நவுந்து நில்லு. இவங்களுக்கு சங்கு ஊதிடும். ஒனக்கு யாரு ஊதப் போறா?"

காத்திருந்தேன். அதில் ஒரு லாபம் இருந்தது. பஸ் போன பிறகு மிச்சமான சாம்பாரை அவர் கணக்குப் பார்க்காமல் ஊற்றுவார். என் நாலு இட்லி சாம்பாரில் மிதக்கும். சாம்பாருக்கும் எடை உண்டு அல்லவா?

"வெள்ளிக்கெழமலேர்ந்து பாக்கறன், நாலு துன்ற, அஞ்சு துன்ற, நின்னுகினே துன்ற. குந்தித் துன்னா என்னா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு கிலோவா? எங்கூட்டு ஆடே ஒரு மாசம் ஆவும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு ரூபாய் சில்லறை. எடை ஏறிற்றா என்று பார்க்க வழியில்லை. பஸ் ஸ்டாண்டில் எடை மிஷின் இருந்தது, ஆனால் பத்துப் பைசா கேட்டது. பத்துப் பைசா என்றால் இட்லியில் மூன்றில் இரண்டு பங்கு. பயத்துக்குக் காசு கொடுப்பதா, இட்லிக்கா? மிஷினைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டுக் கிளம்பினேன். அப்போதுதான் எதிரே அந்தச் சைக்கிள் வந்தது. காடாம்புலியூர்க்காரர் ஒருவர், பின்னால் கேரியரில் பலாப்பழம். காலையிலிருந்து விற்று, கடைசியாக ஒரு சின்னப் பழம் மட்டும் தங்கிவிட்டது. பழுத்து வாசனை ரோட்டை மறித்தது. அதைத் திரும்பச் சுமந்துகொண்டு போக அவருக்கு இஷ்டமில்லை.

"ஒர்ருவா குடு, எடுத்துக்க. வூட்ல எல்லாரும் துன்லாம்."

வீட்டில் எல்லாரும் நான் ஒருவன்தான். அவரே வெட்டி, எண்ணெய் தடவிய கையால் சுளை எடுத்து ஒரு தேக்கிலையில் குவித்தார். தூக்கிப் பார்த்தேன். சத்தியமாக இரண்டு கிலோ இருக்கும்! தோசையும் பரோட்டாவும் ஏமாற்றிய இடத்தில், நான் தேடிய இரண்டு கிலோவே நேராக சைக்கிள் ஏறி வந்திருக்கிறது, விலை ஒரு ரூபாய். கிலோ அரை ரூபாய். கணிதம் படித்ததன் பலன் அன்றைக்குத்தான் கிடைத்தது என்று பூரித்துப் போனேன்.

முந்திரி மரத்து நிழலில் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். கடைசிச் சுளைகளைத் தின்றேன் என்று சொல்ல முடியாது, உள்ளே அடுக்கினேன். பிறகு, எடைக்கு எடையாக இருக்கட்டும் என்று தெருக்குழாயில் வாய் வைத்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். பலாப்பழத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அந்தச் சீமையில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியுமாம். எங்கள் பக்கம் பலாமரம் கிடையாது. எனக்கு யார் சொல்வது?

அன்று ராத்திரி கட்டில் எனக்கு முழுதாகக் கிடைத்தும் நான் அதில் படுக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கொல்லைப்புறத்துக்கும் வாளிக்கும் இடையில் என் ஒரு ரூபாய் போயிற்று, நாலைந்து வேளை இட்லி போயிற்று, இரண்டு ரூபாய் முழுச் சாப்பாடும் கூடவே போயிற்று. ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன், "ஏண்டா, வெள்ளிக்கெழம வந்தப்பவே பரவால்லையாட்டம் இருந்தியே" என்றார்.

வேப்பமரத்தடிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. பஸ் இன்னும் வரவில்லை. அக்கா என்னைப் பார்த்ததும் இலையைக் கீழே வைத்தார்.

"பலாப்பழம் துன்னியா?"

"ஆமாங்க்கா."

"தண்ணி குடிச்சியா?"

"ஆமாங்க்கா."

"எவ்ளோ?"

காட்டினேன். சுற்றி நின்ற ஷிப்ட் ஆட்களில் ஒருவர், "எக்கா, இவனுக்கு இட்லி குடுக்காத, ஒன் எடத்துலயே கெடந்துருவான்" என்றார். அக்காவும் இட்லி தரவில்லை. தனக்கென்று தூக்குவாளியில் கொண்டு வந்திருந்த கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கி, கை நீட்டினார். முதல் தடவையாக, பஸ் வருவதற்கு முன்னால். குடித்து முடித்தேன். கையில் காசு இல்லை. உள்பையில் ஊக்கைத் தொட்டேன்.

"அது என்னா?"

"ஊருக்குப் போற பஸ் காசுங்க்கா. அம்மா குத்துனது."

"அத்த எடுத்துட்டு வேலையும் கெடைக்கலன்னா வூட்டுக்கு எப்டி போவ?"

"நடந்துகினே" என்றேன், அவர் மாதிரியே. கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊக்கைக் கழற்றும்போது விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் வேறு. அதுவும் எடையில் கழியுமே என்று நினைத்தேன், சத்தியமாக.

கஞ்சிக்கு அக்கா பத்துப் பைசா எடுத்துக்கொண்டு மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார். அந்தக் காசில் அடுத்த பெட்டிக்கடையில் பூவன் பழம் இரண்டு சீப்பு. தின்றுகொண்டே போனேன். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று கால் துடிக்கிறது, ஓடினால் குறையும் என்று மனசு இழுக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தேன். உள்ளே கூப்பிடும்வரை தண்ணீர் குடித்தபடி குழாயடியிலேயே நின்றேன்.

மேடையில் ஏறினேன். முள் எழுந்தது, ஆடியது, கோட்டுக்கு ஒரு நூல் இப்பால் நின்று யோசித்தது.

"யோவ், மூச்ச இழுத்துப் புடிச்சா வெயிட்டு ஏறாதுய்யா, விடு" என்றார் ஊழியர்.

விட்டேன். கூடவே ஒரு பெரிய ஏப்பம். டாக்டர் எழுந்து வந்து முள்ளைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், நெற்றி வியர்வையைப் பார்த்தார். முள் ஆடி ஆடிக் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தது.

"சரியா இருக்கு, எழுதிக்க. சீக்கிரம், இவன் இங்கயே வாந்தி எடுக்கறதுக்குள்ள."

எடுத்தேன், ஆனால் கையெழுத்து ஆன பிறகு, வெளியே.

இப்போது ஓடலாம் அல்லவா? ஓடினேன். இனிக் குறைந்தால் எனக்கென்ன? ஆனால் மரத்தடியில் அக்கா இல்லை. சாயங்கால ஷிப்டுக்குத்தான் வருவார். பகல் முழுக்கப் பிளாக் பிளாக்காகச் சுற்றினேன், எந்த மரத்தடியிலும் உட்காரமுடியவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும். ஒருவழியாகக் குண்டான் தலை தெரிந்ததும் எதிரே போய் மறித்தேன்.

"அக்கா, வேலை கெடச்சுருச்சுங்க்கா! இனி தெனமும் உங்ககிட்டத்தானுங்க்கா, காத்தால பத்து, பொழுதோட பத்து!"

அவர் குண்டானை இறக்கி, மூடியைத் திறந்து, ஆவிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார்.

"இனிமே நீ கேண்டீன்ல துன்ற ஆளு, நவுரு."