மேஸ்திரி அழுத மேட்னி

மழை பொய்த்த வருஷம், சிவகங்கையிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். வெளியூர்ப் பெண்களை எல்லாம் ஒரே அறையில் தங்கவைத்து, வேலை முடிந்ததும் மேஸ்திரி வெளியே பூட்டிவிடுவார். பாதுகாப்பாம்!

தீபாவளிக்குக்கூட ஊருக்கு விடவில்லை. அதற்குப் பதில் மேஸ்திரியே எங்களை மேட்னிக்குக் கூட்டிப்போனார். படத்தில், அடைத்துவைத்த பெண் ஒருத்தி கதவைத் தட்டிக் கதறினாள். பக்கத்து வரிசையில் மேஸ்திரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவமுங்க அந்தப் புள்ள" என்றார்.

திரும்பி வந்ததும் வழக்கம்போல் பூட்டை எடுத்தார். என்னோடு தங்கியிருந்த ராக்கு பொறுக்காமல் கேட்டாள்: "அண்ணே, அந்தப் பிள்ளைக்காக அழுதீகளே, எங்களையும் இப்படித்தானே அடைக்கிறீக?"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "அது படமுங்க கண்ணு" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திப் பூட்டினார்.

இன்றைக்கும் தியேட்டரில் யாராவது அழுதால், என் கண் திரைக்குப் போவதில்லை. அவர் மடியில் சாவி இருக்கிறதா என்றுதான் தேடுகிறது.