தீவட்டி மானியம்

எங்கள் அரைக் காணி நிலம் யாருடையது என்று இன்றைக்கு யாராவது கேட்டாலும் எனக்குத் தலை சுற்றும். எண்ணூர்க் கழியைத் தாண்டி, மீஞ்சூர் போகிற வழியில் இருந்தது அது. அம்மன் திருவிழாவில் சாமிக்கு முன்னால் தீவட்டி பிடித்துப் போகிற ஊழியத்துக்காக எந்தக் காலத்திலோ எந்த ராஜாவோ கொடுத்த மானியம். எங்கள் நாளில் அதற்கு எசமான் வெள்ளைக்காரச் சர்க்கார். தீவட்டி பிடிக்கிறவன் உயிரோடு இருக்கிறவரை நிலம் அவனுக்கு. அவன் செத்தால் சர்க்கார் ஆள் வந்து விசாரித்து, ஊழியம் யார் கைக்குப் போகிறதோ அவன் பேருக்கு நிலத்தை எழுதுவார். சீமையில் உட்கார்ந்திருக்கிற ராஜாவுக்கு எங்கள் அம்மனுக்கு யார் வெளிச்சம் காட்டினால் என்ன? கேட்டால் உதைதான் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை.

திருவிழா நெருங்குகிற நேரம் பார்த்து, அதுவரை தீவட்டி பிடித்த அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா அந்த நிலத்து நெல்லில்தான் சோறு பொங்கினாள். எனக்கு பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை. அந்தச் சம்பளம் என் பெண்டாட்டி பிள்ளைகளுக்கே இழுத்துக்கோ பறித்துக்கோ என்று இருக்கும். ஆக, நிலம் கைவிட்டுப் போனால் அம்மாவின் பாடு திண்டாட்டம்.

நானோ மொட்டைத் தலையும் மீசையில்லாத மூஞ்சியுமாக இருந்தேன். கருமாதி ஆகவில்லை. தீட்டுக்காரன் சாமிக்கு முன்னால் போய் நிற்க முடியுமா? தங்கச்சி வேறு குடும்பத்துக்குப் போனவள். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மூன்றாம் நாளோடு தீட்டுக் கழிந்துவிட்டது. ராயபுரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவனைக் கூப்பிட்டனுப்பினேன்.

"மாப்ளே, இந்த ஒரு வருசம் நீ புடி. வெளக்கு நிக்கக் கூடாது."

"எனக்கு இன்னா தெரியும் மச்சான்? எண்ணெய மேல கொட்டிக்கினு நிக்கப் போறேன்."

"கொட்டிக்கோ. நடந்தா போதும்."

நடந்தான், பாவம். தோளெல்லாம் எண்ணெய், புகையில் கண்ணெல்லாம் சிவப்பு. கோயில் பக்கம் போகக்கூடாது என்பதால் நான் தெருக்கோடியில் நின்று பார்த்தேன். அப்பா நடந்த இடத்தில் இன்னொருத்தன் நடந்தான். ஆனாலும் ஊழியம் தவறவில்லை, அம்மாவுக்குச் சோறு உண்டு என்று மனசு ஆறியது.

அந்த வருஷம் கேம்ப் வந்திருந்தவர் ஒரு சின்னத் துரை. சப் கலெக்டர். எல்லாவற்றையும் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கோயில் வாசலில் நாற்காலி போட்டு ஊராரை விசாரித்தாராம். ஊழியம் நின்றதா? நிற்கவில்லை சாமி. யார் பிடித்தது? மருமகன் சாமி. மகன் எங்கே? ரயில்வேயில் வேலை சாமி, கோயில் பக்கம் வரவில்லை. அத்தனையும் உண்மை! தீட்டு என்கிற ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்பன் செத்தவன் ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று யாராவது யாருக்காவது விளக்கிச் சொல்வார்களா? துரைக்குத் தெரிந்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நிலம் மாப்பிள்ளை பேருக்கு ஆயிற்று.

ராயபுரத்தில் ஒரு வக்கீலிடம் ஓடினேன். அவர் மனு எழுதினார். எழுதிக்கொண்டே, "சீமையிலயும் ஒரு காலத்துல இதே கதைதான்" என்றார். ஈட்டி பிடிக்க ஒருத்தனுக்கு, பருந்து வளர்க்க ஒருத்தனுக்கு என்று அங்கே ராஜா நிலம் கொடுப்பாராம். அவன் செத்தால் ராஜாவின் ஆள் வந்து வாரிசு யார், என்ன வயசு, என்ன ஊழியம் என்று ஊராரைக் கூட்டிக் கேட்பாராம்.

"அங்க தீட்டு உண்டா சாமி?" என்றேன்.

"அது தெரியலையேப்பா" என்று சிரித்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மனு தள்ளுபடியாகித் திரும்பியது.

யார் மேல் கோபப்படுவது? மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கேட்டனா மச்சான்? சாமி சத்தியமா கேக்கல" என்று அழுதான். தங்கச்சி, "எனக்கு இந்த நெலமே வேணாம்ண்ணா" என்றாள். மறுபடி எழுத சர்க்கார் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர்கள் ராயபுரத்தை விட்டு வந்து நிலத்தோரம் குடிசை போட்டார்கள். அறுவடைக்கு அறுவடை அம்மாவுக்கு நெல் குறையாமல் வந்தது. ஆனால் முதல் தடவை அம்மா முறத்தை ஏந்திக்கொண்டு மகள் வீட்டு வாசலில் நின்றாளே, அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. "என் பொண்ணு வூடுதானே நைனா, இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற?" என்று அம்மா என்னைத்தான் அதட்டினாள். அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

வருஷங்கள் போயின. தங்கச்சி நிலத்துக்கு வேலி கட்டினாள், வரப்போரம் முருங்கை வைத்தாள். அப்புறம் ஒரு திருவிழாவுக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மொட்டைத் தலை, மீசை இல்லை. அவன் அப்பா ராயபுரத்தில் இறந்துபோயிருந்தார்.

"மச்சான், இந்த வருசம் நீதான் புடிக்கணும். வேற ஆளு ஏது?"

எனக்குத் தீட்டு இல்லை. அவனுக்கும் தங்கச்சிக்கும் இருந்தது. போனேன். தீவட்டியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினேன். சந்தோஷமா, துக்கமா, ஒன்றும் புரியவில்லை. அந்த வருஷமும் ஒரு துரை, புதுசாக வந்தவர், கேம்ப் போட்டிருந்தார். மானிய நிலங்களை எல்லாம் மறுபடி விசாரிக்கிறார் என்று ஊரில் பேச்சு.

தெருக்கோடியில், அன்றைக்கு நான் நின்ற அதே இடத்தில், தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாத்தே."

கிட்டே போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தீவட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொர யாரு புடிக்கிறதுன்னு கேட்டா..."

"கேட்டா?"

"உன் பேரச் சொல்லாதண்ணா. எங்க வூட்டுக்காரர் பேரச் சொல்லிடு."

மேளம் தொடங்கிவிட்டது. எண்ணெய் மணிக்கட்டில் வழிந்து சுட்டது.

"சரிம்மா, சொல்றேன். நீ வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு, என் அப்பாவின் தீவட்டியோடு அம்மனுக்கு முன்னால் நடந்தேன்.