யாரும் செய்யாத தவறு

வாரன் கெஸ்லர் ஒரு சண்டைக்கும் போனதில்லை. வியட்நாமுக்கு ஆள் பிடித்த காலத்தில் மேல்படிப்பைக் காட்டி நழுவிக்கொண்டார். பிறகு வாஷிங்டனில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்தெந்த நாட்டுக்குள் படை புக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் புத்தகம் எழுதினார். ஈராக்கைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் பொய்த்தது. பொய்க்கப் பொய்க்கப் பதவி உயர்ந்தது. அந்த ஊர் லட்சணம் அப்படி.

மனைவி நோராவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. ஒன்றைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அவள் தங்கை ரூத்தின் மகன் டோபி, பெரியப்பாவின் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான். ஈராக்கில், ஃபலூஜா சண்டையில் செத்தான். கெஸ்லரின் சொந்த மகன் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தான். ஊரான் பிள்ளையை ஆற்றில் விட்டு ஆழம் பார்ப்பது என்பார்களே, அதேதான். அன்றிலிருந்து ரூத் அக்காவோடு பேசவில்லை.

கெஸ்லர் தன் வாழ்க்கைக் கதையை எழுத உட்கார்ந்தபோது நோரா ஒன்றே ஒன்று கேட்டாள். 'நான் தவறு செய்தேன்' என்று ஒரு வரி. கட்டாயம் எழுதுகிறேன் என்றார். அதை நம்பி அவள் ஒஹாயோவில் இருந்த தங்கைக்குப் போன் போட்டாள். புத்தக வெளியீட்டுக்கு ரூத்தும் வந்தாள்.

வெளியீட்டு விருந்துக்கு வந்தவர்கள் அந்த ஊர் வழக்கப்படி புத்தகத்தின் கடைசியில் உள்ள பெயர்ப் பட்டியலைப் புரட்டி, தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒயின் குடிக்கப் போனார்கள். ரூத் மட்டும் ஈராக் அத்தியாயத்தை நின்றபடியே படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்து அக்காவிடம் நீட்டினாள்.

'தவறுகள் நேர்ந்தன.'

நோரா புத்தகத்தோடு புருஷனிடம் போனாள். ரூத்தும் பின்னால் வந்தாள்.

"நேர்ந்துச்சா? மழை பெஞ்ச மாதிரி தானா நேர்ந்துச்சா வாரன்?"

"இங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. ஒத்துக்கிட்டேன்ல?" கெஸ்லர் தலை நிமிராமல் யாருக்கோ கையெழுத்துப் போட்டார்.

ரூத் குரலை உயர்த்தவில்லை. "ஜெயிச்ச கதையில எல்லாம் 'நான், நான்'னு இருக்கு அத்தான். இங்க மட்டும் ஆளே இல்லயே. யாரு செஞ்ச தப்பு?"

"நாமதான் ரூத். நாம எல்லாருந்தான்."

"டோபியையும் சேத்தா?"

கெஸ்லர் அடுத்த புத்தகத்தை எடுத்து, யார் பெயருக்கு என்று வரிசையில் நின்றவரைக் கேட்டார். நோரா போய் இரண்டு கோட்டுகளை எடுத்து வந்தாள். ஒன்று தங்கையுடையது, மற்றது தன்னுடையது.